லெப்ட்டுல ஆள் வருதுங்க

ஜூன் 10, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. அவர் வேனைக் கழுவித் துடைத்து, முன் கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்து, ஏழே முக்காலுக்கு எடுத்துப் போனார். போன வருடம் பதினோரு பிள்ளைகள். இந்த வருடம் பதிமூன்று. வெள்ளகோவிலுக்குள் நாலு தெருவில் ஏற்றிக்கொண்டு முத்தூர் ரோட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் விடவேண்டும். சாயங்காலம் திரும்பக் கூட்டி வரவேண்டும்.

மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "கோகிலா, நீ எல்எல்ஆர் போட்டுரு" என்றார்.

"எதுக்குங்க?"

"எதுக்குன்னா? வண்டி பழகத்தான். நாலு சக்கரத்துக்கே போட்டுரு."

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். ஸ்கூட்டி பழகட்டுமா என்று கேட்டபோதெல்லாம், "ரோடு இருக்கற இருப்புக்கு உனக்கு வண்டி ஒண்ணுதான் கொறச்சல்" என்று சொன்ன மனிதர். இன்றைக்கு அவராகவே சொல்கிறார். சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

உரக்கடையில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து வெறுமையாகக் கிடந்தது. எழுதிப் படித்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். எல்எல்ஆர் பரீட்சை முடியும்வரை இதில் எழுதலாம் என்று இருக்கிறேன்.

அவருக்குக் கோயமுத்தூரில் கொடுத்த சொட்டு மருந்தைக் காலையும் சாயங்காலமும் விட்டேன்.

ஜூன் 13, வியாழன்

பர்வீன் கடைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். பத்தாவது வரை என்னோடு படித்தவள். ஆன்லைனில் யாருக்கு எந்த மனு போடவேண்டும் என்றாலும் அவளிடம்தான் வருவார்கள்.

"உன்ற ஊட்டுக்காரரேவா போடச் சொன்னாரு? இன்னிக்கு மழை கொட்டப்போவுது போ" என்று சிரித்தாள். போட்டோ எடுத்து, ஆதாரைச் சேர்த்து மனு போட்டுவிட்டாள். ஒரு பழைய புத்தகமும் கொடுத்தாள். ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்களாம். பதினைந்து கேள்வி. ஒன்பது சரியாக இருந்தால் போதுமாம்.

இன்று படித்தது: வட்டத்துக்குள் இருப்பது உத்தரவு. முக்கோணத்துக்குள் இருப்பது எச்சரிக்கை. நீலச் சதுரம் தகவல். எச்சரிக்கையை மீறினால் அபராதம் இல்லை. ஆனால் எச்சரிக்கை சும்மா வைப்பதில்லை.

ஜூன் 16, ஞாயிறு

கோழிக் குழம்பு. சாப்பிட்ட பிறகு அவரிடம் புத்தகத்தை நீட்டி, "நீங்க சொல்லுங்க பாக்கலாம்" என்றேன். இருபத்து மூன்று வருடமாக ஓட்டுகிறவர். குறுகிய பாலம், ஆளில்லாத ரயில்வே கேட், வலப்பக்கம் திரும்பாதே என்று ஒவ்வொன்றாகக் கடகடவென்று சொன்னார். வலப்பக்க வரிசை முடிந்ததும் புத்தகத்தை மூடினார்.

"இந்தப் பக்கம் இன்னொரு வரிசை இருக்குதுங்களே."

"எங்க?"

கழுத்தைத் திருப்பி, கோழி பார்ப்பது மாதிரி பார்த்தார். "ஓ, ஆமா" என்று அதையும் சொன்னார். எல்லாம் சரி. எழுத்து பொடியாக இருக்கிற புத்தகம்.

பின்பக்கத்தில் ஒரு கேள்வி. பார்வையற்ற ஒருவர் வெள்ளைக் கோலைத் தூக்கிப் பிடித்தபடி ரோட்டைக் கடந்தால் ஓட்டுநர் என்ன செய்யவேண்டும்? அந்தக் கோலை நிறுத்தச் சொல்லும் சைகையாக எடுத்துக்கொண்டு வண்டியை நிறுத்தவேண்டும். சத்தமாகப் படித்துவிட்டேன். அவர் எழுந்து வேனைத் துடைக்கப் போய்விட்டார். காலையில்தான் துடைத்திருந்தார்.

ஜூன் 20, வியாழன்

வேனின் இடப்பக்கக் கண்ணாடி உடைந்துவிட்டது. நிறுத்தியிருந்தபோது எவனோ மொபட்டில் வந்து இடித்துவிட்டுப் போனானாம். மே மாதம் மாற்றிய கண்ணாடி.

ஜூன் 24, திங்கள்

இன்று முதல் நானும் வேனில் போகிறேன். சின்னப் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு பொம்பளை ஆள் இருந்தால் நல்லது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். முன்னால் அவருக்கு இடப்பக்கம் என் இடம். யுகேஜி படிக்கும் மிதுனா என் மடியை ஒட்டி உட்கார்ந்துகொண்டது. அதன் அம்மா பிருந்தா பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். "நீங்க கூட வர்றது எனக்கு எவ்வளவு நிம்மதியா இருக்குது தெரியுங்ளாக்கா" என்றாள்.

முத்தூர் ரோட்டில் திரும்பும்போது அவர் முன்னால் பார்த்தபடியே, மெல்லிய குரலில், "லெப்ட்டுல ஏதாச்சும் வருதா?" என்றார்.

"சைக்கிள் வருதுங்க."

நின்றார். சைக்கிள் போனது. போனோம்.

பழகுகிறவர்கள் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பது நல்லது என்று புத்தகத்திலேயே இருக்கும்.

ஜூன் 25, செவ்வாய்

தேடிப் பார்த்தேன். புத்தகத்தில் அப்படி இல்லை.

ஜூன் 28, வெள்ளி

படிக்கவில்லை. மாவு ஆட்டினேன். கொடியில் காயவைத்த துணி பாதி காற்றில் விழுந்து மண்ணாகிவிட்டது. திரும்ப அலசினேன்.

ஜூலை 3, புதன்

கோயமுத்தூர் ஹாஸ்டலில் இருக்கும் மகள் யாழினி, போனில் மாதிரித் தேர்வு எழுத ஒரு செயலியை அனுப்பினாள். முதல் தடவை ஏழு சரி. இரண்டாவது தடவை எட்டு. பள்ளிக்கூடம் பக்கத்தில் எவ்வளவு வேகம், பிள்ளைகள் குறுக்கே வந்தால் என்ன செய்வது என்பதில் ஒருபோதும் தப்பு விடுவதில்லை. வண்டி நிறுத்தக் கூடாத இடங்களில்தான் தடுமாறுகிறேன்.

"அப்பா கண்ணு எப்படிம்மா இருக்குது? டாக்டர் என்னதான் சொன்னாரு?"

"சொட்டு மருந்து உட்டா போதுமாமா" என்றேன்.

சாயங்காலம் காபி வைத்தபோது டம்ளரைத் தட்டிவிட்டார். அவருடைய இடக்கைப் பக்கம் வைத்தது என் தப்பு. இனி வலப்பக்கம் வைக்கவேண்டும்.

ஜூலை 9, செவ்வாய்

சத்தம் போட்டுச் சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்கிவிடுகிறது. அதனால் முன்னால் இருக்கும் பலகையில் விரலால் தட்டுகிறேன். ஒரு தட்டு என்றால் மெல்ல. இரண்டு தட்டு என்றால் நிற்க. மூன்று என்றால் வலப்பக்கம் ஒதுங்க. இரண்டே நாளில் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. பேச்சே இல்லாமல் ஓடுகிறது. இதுவரை எந்தக் குறையும் இல்லை.

ஜூலை 12, வெள்ளி

பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு தடவை நான் தட்டியதும் பின்னாலிருந்து எல்லாரும் சேர்ந்து, "ஸ்டா...ப்!" என்று கத்துகிறார்கள். மிதுனா தானும் தட்டுகிறேன் என்று பலகையைத் தட்டியது. அவர் சட்டென்று பிரேக் போட்டார். பின்னால் வந்த லாரிக்காரன் கண்ணாடியை இறக்கித் திட்டிவிட்டுப் போனான்.

"சாமி, இது வெளையாட்டில்ல. தட்டக் கூடாது" என்றேன் மிதுனாவிடம்.

"நீங்க மட்டும் தட்டறீங்க?"

ஜூலை 15, திங்கள்

மனு சரியாகிவிட்டதா என்று கேட்கப் பர்வீன் கடைக்குப் போனேன். எல்எல்ஆர் வந்து ஒரு மாதம் கழித்து லைசென்ஸ், அதற்குப் பிறகு வேனை நானே ஓட்டிவிடலாமா என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

அவள் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "ஸ்கூல் புள்ளைங்க வண்டியா? அதுக்கு அஞ்சு வருச அனுபவம் வேணும்டி. ஏன், அவரு என்ன பண்ணப் போறாரு?"

"சும்மாதான் கேட்டேன்."

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்றார். "நீ ஓட்டறதையெல்லாம் எவன் நின்னு பாக்கப் போறான்? புள்ளைங்க வீடு வந்து சேந்தாச் சரி." கொஞ்ச நேரம் கழித்து, "நீ நல்லாப் பழகற வரைக்கும், மார்கழி வரைக்கும் சமாளிச்சுட்டாப் போதும்" என்றார்.

எதைச் சமாளிக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. பேய்க்காற்று. ரோடே தெரியாமல் மண் பறக்கிறது.

எண்ணெய் மில் தாண்டி ஒரு நாய் இடப்பக்கமிருந்து ஓடிவந்தது. நான் தட்டினேன். தட்டியது லேட். டயர் ஏறி இறங்கியது.

"என்ன சத்தம்?" என்றார்.

"கல்லுங்க."

பின்னால் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தார்கள். மிதுனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் இறங்கும்போது, "கல்லு இல்ல அது" என்றது.

நாய்தான். நாய்கள் தினமும் அடிபடுகின்றன.

ஜூலை 18, வியாழன்

பிருந்தா கேட்டாள். "நேத்து நாயி ஒண்ணு அடிபட்டுப் போச்சாமுங்க்கா. பாப்பா சோறே திங்கல."

"திடீர்னு குறுக்க வந்துருச்சும்மா. யாரு இருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

"அண்ணன் ஓட்டறப்ப எனக்கு ஒரு பயமும் இல்லீங்க்கா. பாப்பாதான் ராத்திரியெல்லாம் ஒரே அழுகை."

நாளைக்கு மிதுனாவுக்குக் கடலை மிட்டாய் வாங்கிப் போகவேண்டும்.

ஜூலை 22, திங்கள்

வெள்ளிக்கிழமை காங்கயம் ஆபீசுக்கு வரச்சொல்லி செய்தி வந்திருக்கிறது. பத்தரை மணி. அங்கே போகவேண்டுமென்றால் காலையில் வேனில் போகமுடியாது.

பர்வீனிடம் தேதியை மாற்றச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கிடைக்குமா என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம ஆபீஸ் ஏதுடி? உனக்கு என்னாச்சு? மாதிரித் தேர்வுல பதினாலு வாங்கறேன்னு சொன்ன. அப்பறம் எதுக்குத் தள்ளிப்போடற?"

ஆடிப் பதினெட்டு வருகிறது, வீட்டில் வேலை இருக்கிறது என்று சொன்னேன். ஆகஸ்ட் ஏழு, புதன்கிழமைக்கு மாற்றிக் கொடுத்தாள். "இன்னொருக்கா மாத்தச் சொன்னா நான் மாத்த மாட்டேன் பாத்துக்க" என்றாள்.

ஜூலை 30, செவ்வாய்

காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. அவர் தனியாகப் போனார். போகவேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். வாயில் தெர்மாமீட்டர் இருந்தது.

படுத்தபடியே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்கு வருகிறவர் ஒன்பது முப்பத்தைந்துக்கு வந்தார். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. தண்ணீர் கேட்டார். சொம்பைக் காலி செய்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டார்.

"டிராபிக்" என்றார்.

வெள்ளகோவிலில்.

மத்தியானம் அவர் தூங்கும்போது வெளியே போய்ப் பார்த்தேன். முன்பக்கம் இடது மூலையில் நீலப் பெயின்ட் ஒரு முழ நீளத்துக்கு ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். போய்விட்டது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. லீவு. கோயிலுக்குப் போய்விட்டு வந்து வாசலில் வேனின் படியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். தேங்காய்ச் சில்லு தின்றுகொண்டிருந்தார். நல்ல மனநிலையில் இருந்தார். அதனால்தான் கேட்டேன்.

"ஸ்கூல்ல சொல்லிரலாமுங்களா?"

தின்பதை நிறுத்தினார். "என்னன்னு?"

"டாக்டர் சொன்னத."

"அவன் சொல்லுவான். போர்டுல இருந்த கடைசி வரி வரைக்கும் படிச்சுக் காட்டுனனா இல்லியா? நேரா எனக்கு எறும்பு ஊர்றது தெரியும்."

"நேரா தெரியுதுங்க. பக்கம்..."

"பக்கத்துக்கு நீ இருக்கற."

தேங்காய்ச் சில்லைப் படியில் வைத்தார். பிறகு வேறு குரலில் பேசினார். "பதினாறு வயசுல லாரியில கிளீனரா ஏறுனவன் நான். இந்தக் கையில ஸ்டீரிங் இல்லாட்டி நான் யாரு கோகிலா? தெருவுல நடந்து போனா ஒருத்தனுக்கும் என்னையத் தெரியாது. வேன்ல போனாத்தான் நாச்சிமுத்தண்ணன். பதிமூணு புள்ளைங்க கைய ஆட்டுது."

அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் பார்க்கவில்லை என்பது மாதிரி கோலத்தைப் பார்த்தேன்.

"புதங்கெழமை மட்டும் நீங்க வண்டிய எடுக்க வேண்டாமுங்க. எனக்குப் பரீட்சை."

"எடுக்கல. லீவுன்னு எல்லாருக்கும் சொல்லிப்போடறேன்."

"என்ற மேல சத்தியமா?"

"உன்ற மேல சத்தியமா."

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஆதார், மனுவின் ஜெராக்ஸ், போட்டோ எல்லாவற்றையும் பையில் வைத்துவிட்டேன். பச்சைப் புடவை. எட்டு மணி பஸ்.

மாதிரித் தேர்வு: பதினைந்துக்குப் பதினைந்து.

பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் சொல்லிவிட்டேன் என்று அவர் சொன்னார். அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன். திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

எட்டு மணி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நான் கிளம்பும்போது அவர் வாசலில் செய்தித்தாளை வைத்துக்கொண்டு, "நல்லா எழுது" என்றார். பனியன் போட்டு லுங்கி கட்டியிருந்தார். சட்டை போடவில்லை. அதைப் பார்த்ததும் மனது கொஞ்சம் லேசானது.

எட்டே முக்காலுக்குக் காங்கயத்தில் இறங்கினேன். நேரம் நிறைய இருந்தது. ஆபீசுக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடை. அங்கே நிற்கும்போது போன் அடித்தது. பிருந்தா.

"அக்கா, அண்ணன் இன்னும் வரலீங்களே? இன்னிக்குப் பாப்பாவுக்கு டெஸ்ட்டு. போன் போட்டா எடுக்க மாட்டேங்கறாரு."

"இன்னிக்கு வண்டி லீவும்மா. குரூப்புல சொன்னாரே?"

"குரூப்புல ஒண்ணும் வரலீங்க்கா. முன்னத் தெருவுல பசங்கள ஏத்திட்டாருன்னு சொன்னாங்க. அதான் இங்க நின்னுட்டு இருக்கோம்."

டீக் கிளாஸை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், வேன் ஓடிக்கொண்டிருக்கிறது, இடப்பக்க சீட் காலியாக இருக்கிறது என்பது மட்டும்தான்.

"பிருந்தா, மிதுனாவ வண்டியில ஏத்தாத."

"ஏனுங்க்கா?"

"ஏத்தாத. வந்து நின்னாலும் ஏத்தாத. உள்ள இருக்கற புள்ளைங்களையும் எறக்கிப்போடு. சாவிய வாங்கிக்க."

"என்னக்கா சொல்றீங்க? அண்ணன் குடிச்சிருக்காரா?"

"இல்ல. அவருக்குக் கண்ணு தெரியாது."

டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் பிருந்தாவின் குரல் வந்தது. "நேத்து வரைக்கும் ஓட்டுனாரே அக்கா."

"நேத்து வரைக்கும் நான் பக்கத்துல இருந்தேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். நான் அவருக்குப் போட்டேன். ஒன்பது தடவை போட்டேன். அடித்து அடித்து நின்றது. ஆபீஸ் கேட் எதிரிலேயே தெரிந்தது. வரிசை நின்றுகொண்டிருந்தது. நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

பஸ் பாதி வழி வந்தபோது பர்வீன் கூப்பிட்டாள். "கோகி, எங்க இருக்கற? முத்தூர் ரோட்டுல உங்க வேனு. புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலடி. மொதல்ல அதக் கேட்டுக்க. புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகல."

மற்றதை அவள் சொல்லவில்லை. நான் இறங்கிப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அவர் முதல் இரண்டு தெருவில் ஒன்பது பிள்ளைகளை ஏற்றியிருக்கிறார். நேரமாகிவிட்டதாம். பிருந்தா தெருவுக்கு வராமல், அவர்களை முதலில் விட்டுவிட்டுத் திரும்ப வரலாம் என்று முத்தூர் ரோட்டுக்குப் போயிருக்கிறார். எண்ணெய் மில் பக்கம் இடப்புறம் திரும்பும் இடத்தில், உள்பக்கமாக வந்த சைக்கிள் மேல் வண்டி ஏறிவிட்டது. சைக்கிளில் வந்தவர் சென்னியப்பன். அந்த மில்லில் வாட்ச்மேன். ராத்திரி வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். தொடை எலும்பும் இடுப்பும் முறிந்துவிட்டன. வேனுக்குள் ஒரு பையனுக்கு மட்டும் நெற்றியில் வெட்டு.

நான் போனபோது ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது. ரோட்டில் ஒரு செருப்பும் காக்கித் தொப்பியும் கிடந்தன. அந்தத் தொப்பியை எனக்குத் தெரியும். தினமும் அந்தத் திருப்பத்தில் நான் "சைக்கிள் வருதுங்க" என்று சொல்வது அவரைத்தான். இரண்டு தட்டு. ஒன்றரை மாதமாக.

அவர் ரோட்டோரம் மண்ணில் உட்கார்ந்திருந்தார். யாரோ அடித்து உதடு கிழிந்திருந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நான் பாக்கலீங்க, நான் பாக்கலீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லா டிரைவரும் சொல்வதுதான் என்று ஒருவன் காறித் துப்பினான்.

பிருந்தா வந்திருந்தாள். மிதுனாவை இடுப்பில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பிள்ளையின் முகத்தைத் தன் தோளில் திருப்பிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஸ்டேஷனிலிருந்து ஜாமீனில் விட்டுவிட்டார்கள். வேன் அங்கேயே நிற்கிறது. அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். எதற்காகப் போனீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"அந்த மொதத் தெருவுல ஒரு அம்மா காலைல போன் பண்ணுச்சு. புள்ளைக்குப் பரீட்சைன்னு. இல்லைன்னு சொல்ல வாய் வரல. ஒரு நாள்தானேன்னு நெனச்சேன்."

"குரூப்புல போடலையா நீங்க?"

"போடல. லீவுன்னா ஏன்னு கேப்பாங்க."

சொட்டு மருந்து விடப் போனேன். தலையைத் திருப்பிக்கொண்டார்.

ஆகஸ்ட் 10, சனி

காலையில் அவருடைய அண்ணன் வந்தார். கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரவைத்துப் பேசினார்.

"பாரு கோகிலா. அந்தப் புள்ளைகிட்டப் போன்ல நீ வாய விட்டுட்ட. ஊரெல்லாம் கண்ணு கண்ணுன்னு பேசுது. அதத் திருப்ப முடியாது. ஆனா ஒண்ணு. அன்னைக்குக் காலைல திடீர்னு மங்கலாச்சுன்னு சொல்லு. முன்னால ஒண்ணும் இல்ல. யாருக்கும் தெரியாது. அப்பத்தான் கேஸ் சாதாரணமாப் போகும். தெரிஞ்சே ஓட்டுனான்னு ஆச்சுன்னா அவனும் உள்ள போவான், நீயும் கூடப் போவ. யாழினியோட வாழ்க்கைய நெனச்சுப் பாரு."

சரி என்று தலையாட்டினேன். மத்தியானம் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுக்கவேண்டும். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை.

ஆபரேஷன் முடிந்து சென்னியப்பன் கிடந்தார். காலில் எடைக்கல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தூக்கத்தில் வாய் திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் அவர் மனைவி மாராத்தாள் இருந்தார். அறுபது வயது இருக்கும். நான் யார் என்று சொன்னேன். எழுந்து வந்து அடிப்பார் என்று நினைத்தேன். அவர் பெஞ்சில் தன் பையை நகர்த்தி இடம் விட்டார். நான் உட்காரவில்லை.

"உன்ற ஊட்டுக்காரருக்குப் பார்வை இல்லைன்னு பேசிக்கறாங்களே, நெசமா?"

"நெசந்தானுங்க. ரெண்டு பக்கமும் தெரியாது. இடப்பக்கம் சுத்தமாத் தெரியாது."

"எப்பயிருந்து?"

அண்ணன் சொல்லிக்கொடுத்த வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அன்னைக்குக் காலைல திடீர்னு மங்கலாச்சு. நாலே வார்த்தை. பரீட்சைக்குப் படித்த எல்லாக் கேள்விகளையும்விடச் சுலபமான பதில்.

"சித்திரையிலிருந்துங்க" என்றேன். "கோயமுத்தூர்ல டாக்டர் சொன்னாரு. போன பார்வை திரும்ப வராது, இனிமே ஸ்டீரிங்கையே தொடக்கூடாதுன்னு சொன்னாரு. சொன்னப்ப நானும் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

இதை இந்த டைரியில்கூட நான் எழுதவில்லை. இரண்டு மாதம் எழுதியிருக்கிறேன். ஒரு பக்கத்திலும் எழுதவில்லை.

மாராத்தாள் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப தெனமும் எங்க மனுசன் அந்த ரோட்டுல போறத நீ பாத்துட்டுத்தான் இருந்திருக்க."

"ஆமாங்க."

"ஒரு நாளு நீ கூட இல்லைன்னா என்ன ஆகும்னும் உனக்குத் தெரிஞ்சிருக்குது."

"ஆமாங்க."

அவர் அழவில்லை. திட்டவும் இல்லை. "போ" என்றார். "அவரு முழிச்சுட்டா உன்னையப் பாக்க வேண்டாம். போயிரு."

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். அண்ணன் வாசலில் காத்திருந்தார். உள்ளே ரைட்டரிடம் முதலிலிருந்து சொன்னேன். சித்திரை மாதம், டாக்டர், உடைந்த கண்ணாடி, விரலால் தட்டியது, நாய், நீலப் பெயின்ட், மண்ணெண்ணெய். ரைட்டர் பாதியில் பேனாவை நிறுத்தினார். "ஏம்மா, நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா? இதுல உன்ற பேரும் வரும்."

"எழுதுங்க சார்."

படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். அண்ணன் என்னைக் கூட்டிவராமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். பஸ்ஸில் வந்தேன்.

அவர் நடுவீட்டில் நின்றுகொண்டிருந்தார். என் செருப்புச் சத்தத்தைக் கேட்டுத்தான் திரும்பினார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டனுங்க."

"சித்திரையில இருந்தா?"

"சித்திரையில இருந்து."

அவர் இடக்கையை நீட்டி, சுவரைத் தேடித் தொட்டு, அதைத் தடவியபடி அடி மேல் அடி வைத்து உள்ளறைக்குப் போனார். இந்த வீட்டில் அவர் சுவரைப் பிடித்து நடந்து நான் பார்த்ததில்லை. என் முன்னால் இவ்வளவு நாளும் எப்படி நடந்தார் என்று நினைத்துக்கொண்டே, கதவோரம் அவர் காலில் தட்டும் இடத்தில் இருந்த தண்ணீர்க் குடத்தை நகர்த்தி வைத்தேன்.